மூடி வைத்த மின்மினி

செப்டம்பர் 1, ஞாயிறு. வடவள்ளி.

காலையிலிருந்து தூறல். மருதமலை தெரியவில்லை. மலை இருக்க வேண்டிய இடத்தில் யாரோ ஈர வேட்டியைக் கொடியில் போட்டதுபோல ஒரு வெண்மை மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறது.

கணினியின் பழுதை இன்று முதல் முறையாக ஆராயத் தொடங்குகிறேன். பொருளின் விவரம் வருமாறு. எண்பதுகளின் நடுவில் என் மனைவி வசந்தாமணியின் சித்தப்பா சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. தட்டச்சு விசைகளும் மூளையும் ஒரே தட்டைப் பெட்டிக்குள் அடங்கியவை. மேல்மூடியில் காற்றுப் போக நீண்ட துளைகள். தனித் திரை கிடையாது; பழைய டி.வி.யின் ஆன்டெனா துளையில் வயரைச் செருக வேண்டும். நிரல்கள் கேசட்டிலிருந்து ஏற வேண்டும். திருமணமாகி வந்தபோது கட்டில், பீரோ, பாத்திரங்கள் அவளுடைய தந்தை கொடுத்தவை. தன்னுடையது என்று அவள் கொண்டுவந்தது இது ஒன்றுதான். அன்று முதல் இது என் பொறுப்பில், அளவெடுத்துத் தைத்த உறைக்குள், கண்ணாடி அலமாரியில் பாதுகாப்பாக இருந்துவந்தது.

பழுதின் வரலாறு: ஆடி மாதத்தில் ஒருநாள் நான் அலுவலகத்திலிருந்து திரும்பியபோது உறை நாற்காலியில் கிடந்தது. கணினி டி.வி.யுடன் இணைக்கப்பட்டிருந்தது. திரையில் எழுத்துகள் சிதறிக் கிடந்தன.

"ஆன் பண்ணுனா ரெண்டு நிமிசத்துல நின்னு போகுதுங்க," என்றாள் வசந்தாமணி.

முன்சோதனையின்றி எந்தக் கருவியையும் இயக்கக் கூடாது என்பதை நினைவூட்டினேன். நான் முத்திரை ஆய்வாளர். கடைத் தராசுகளையும் எடைக்கற்களையும் சோதித்து முத்திரை இடுபவன். தேறாத தராசின்மீது சிவப்புச் சீட்டு ஒட்டுவது எங்கள் நடைமுறை. சீட்டுப் புத்தகம் கைப்பையிலேயே இருந்ததால் ஒன்றைக் கிழித்துக் கணினியின்மீது ஒட்டினேன். 'தேறவில்லை. இயக்கத் தடை.' தேதியும் கையொப்பமும் இட்டேன்.

மறுநாள் வசந்தாமணி கல்லாற்றிலுள்ள தம்பி சிகாமணியின் வீட்டுக்குச் சென்றாள். இவ்விரு நிகழ்வுகளுக்கும் தொடர்பு உண்டெனக் கொள்ள முகாந்திரம் இல்லை. அங்கே பாக்குத் தோப்பில் வேலை அதிகம். உதவிக்கு ஆள் தேவைப்பட்டிருக்கலாம். இது தற்காலிக ஏற்பாடு.

செப்டம்பர் 3, செவ்வாய்.

முதல் சோதனை. திரை வெளுத்தது. அவ்வளவுதான்.

செப்டம்பர் 7, சனி. விநாயகர் சதுர்த்தி.

வீட்டில் கொழுக்கட்டை இல்லை. கோயிலில் ஒன்று கொடுத்தார்கள். மிக்ஸியின் உறையைத் துவைத்துக் காயப் போட்டேன்; பயன்படுத்தாத நிலையிலும் தூசி படிகிறது.

மதியம் கணினியை மீண்டும் இயக்கினேன். இம்முறை விழித்துக்கொண்டது. கறுப்புத் திரையின் மூலையில் சிறு வெள்ளைச் சதுரம் ஒன்று அணைந்து அணைந்து எரிந்தது. அடுத்து என்ன தட்டுவதென்று தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். யாரோ கதவருகே நின்று, உள்ளே வரலாமா என்று கேட்காமல் கேட்பதுபோல இருந்தது. சிறிது நேரத்தில் எழுத்துகள் ஒவ்வொன்றாக நகர்ந்து, மழையில் அடித்துச் செல்லப்படும் அரிசிபோலத் திரையின் அடியில் குவிந்தன. பிறகு எதுவும் அசையவில்லை.

மாலையில் சிகாமணி அழைத்தான்.

"மாமா, சாப்டீங்களா?"

"ஆயிற்று."

"ஆயிற்றா! தனியா இருக்கறப்பக் கூடப் புஸ்தகம் மாதிரியே பேசறீங்களே மாமா. செவுத்துக்குப் பயமா இருக்காதா?"

அவன் பேச்சைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் தொடர்ந்து சொன்னதை இங்கே பதிவு செய்கிறேன். காரமடையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு அக்காவைக் கூப்பிட்டிருக்கிறார்களாம். பக்கத்திலேயே ஒரு போர்ஷனும் பார்த்தாயிற்றாம். "விசயதசமி அன்னிக்குப் பால் காய்ச்சறதா இருக்குது மாமா. நான் சொன்னன்னு சொல்லீராதீங்க. அப்பறம் எனக்குச் சோறு கெடைக்காது."

வாடகை வீட்டில் ஒருவர் பால் காய்ச்சுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை.

கணினி விஜயதசமிக்கு முன் தேற வேண்டும்.

செப்டம்பர் 8, ஞாயிறு.

மின்சாரப் பகுதியிலிருந்து தொடங்குவதே முறை. கணினியின் மின்பெட்டியிலிருந்து வரும் மின்னழுத்தம் நிலையாக இல்லை. மீட்டரின் முள் மூச்சுவிடுவதுபோல ஏறி இறங்குகிறது. அதைச் சீராக்கும் கெபாசிட்டர் வறண்டிருக்கலாம்.

டவுன்ஹால் பக்கத்துக் கடைகள் இன்று விடுமுறை.

செப்டம்பர் 14, சனி.

கெபாசிட்டர் வாங்கினேன். கடைக்காரர் பழையதை விரலில் உருட்டிப் பார்த்தார். "இது எதுக்குங்ணா? ரேடியோவா?"

"கணினி. எண்பதுகளில் வந்தது."

"அட, அதுக்கு எங்கப்பனைத்தான் கேக்கோணும். அவரு செத்துப் பத்து வருசமாச்சு. புதுசா ஒரு லேப்டாப் வாங்கீருங்ணா, வூட்ல சத்தமில்லாம இருக்கும்."

வீட்டில் சத்தம் இல்லை என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கேட்கப்படாத தகவல் அது.

ஈயம் வைத்துப் பொருத்தினேன். வெயில் நன்றாக அடித்தது. இயக்கியதும் கணினி எழுந்தது. ஒரு கூட்டல் கணக்குக்குச் சரியான விடை கொடுத்தது. மதியம் முழுவதும் நிற்கவில்லை.

கல்லாற்றுக்கு அழைத்தேன். முறைப்படி அறிவிக்க வேண்டியது என் கடமை.

"ஏனுங்க," என்றாள்.

"கணினி தேறிவிட்டது, வசந்தாமணி."

அங்கே எங்கோ தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"சீட்டக் கிழிச்சீங்களா?"

"ஒரு வாரம் கண்காணித்த பின்னரே தடையை நீக்கலாம். அதுதான்—"

"சரிங்க. கண்காணியுங்க."

அழைப்பு முடிந்தது.

செப்டம்பர் 15, ஞாயிறு.

தூறல். இயக்கினேன். வெள்ளைத் திரை.

செப்டம்பர் 18, புதன்.

அலமாரியின் கண்ணாடியைத் துடைக்கும்போது கவனித்தேன்: கணினியை ஒட்டி இருந்த கேசட் இல்லை. அது இருந்த இடத்தில் தூசி படியாத ஒரு சிறு நீள்சதுரம் இருக்கிறது. வசந்தாமணி எடுத்துச் சென்றிருக்கிறாள். புடவைகள் பெரும்பாலும் பீரோவிலேயே இருக்கின்றன.

அந்த நீள்சதுரத்தைத் துடைக்கவில்லை.

செப்டம்பர் 21, சனி.

அவளே அழைத்தாள். நான் எதிர்பார்க்கவில்லை.

"நின்னு போச்சுங்களா?"

"எப்படித் தெரியும்?"

"போன ஞாயித்துக்கெழம அங்க மழைன்னு சிகாமணி சொன்னான். அன்னிக்கு நான் போட்டப்பவும் மழைதானுங்க. வெயில்ல ஓடுது, ஈரத்துல நிக்குது. கரண்டுப் பெட்டி இல்லீங்க, உள்ளார எங்கியோ ஈரம் இழுக்குது."

இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றவன் நான். இதை நானே கண்டிருக்க வேண்டும். நாட்குறிப்பில் வானிலையும் பழுதும் அருகருகே எழுதப்பட்டுள்ளன, சேர்த்துப் பார்க்கவில்லை.

"திரை எப்படி இருக்குது சொல்லுங்க. முழு வெள்ளையா, எழுத்து செதறுதா?"

"சில நாள் வெள்ளை. சில நாள் சிதறல்."

"வெள்ளையா நின்னா மூளை முழிக்கலீங்க. எழுத்து செதறுனா முழிச்சிருச்சு, ஆனா நெனப்புத் தப்புது. ரெண்டும் மாறி மாறி வந்தா மூளைக்கும் நெனப்புக்கும் நடுவுல எங்கியோ தொடுப்பு விட்டுப் போயிருக்கும். கழட்டிப் பாருங்க. அடியில திருகாணி இருக்குது."

பிரிக்கப்படாத கருவியைப் பிரிப்பதில் உள்ள சிக்கலை விளக்கத் தொடங்கினேன்.

"அது நீங்க முத்திரை போட்ட தராசு இல்லீங்க," என்றாள். "என்ற கம்ப்யூட்டர்."

அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் பதில் சொல்ல எளிதாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 22, ஞாயிறு.

பிரிக்கவில்லை. மதியம் மேகமூட்டம். கணினியை இயக்கிவிட்டு எதிரே அமர்ந்திருந்தேன். எழுத்துகள் சிதறின, அவற்றில் சில அணைந்து அணைந்து எரிந்தன. வெளியே தேன்சிட்டு ஒன்று ஜன்னல் கம்பியில் தன் நிழலைக் கொத்திக்கொண்டிருந்தது.

கண்ணயர்ந்திருக்க வேண்டும். பின்வருவது கனவு எனக் குறிக்கப்படுகிறது. உழவர் சந்தை. நான் சோதித்த தராசுகள் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. கடைக்காரர்கள் இல்லை, காய்கறி இல்லை. தட்டுகள் காலியாக, ஒவ்வொன்றும் தனக்குத் தோன்றியபடி ஆடிக்கொண்டிருக்கின்றன. சந்தையின் கோடியில் பாவாடை தாவணி அணிந்த ஒரு பெண் முதுகு காட்டி உட்கார்ந்து எதையோ தட்டிக்கொண்டிருக்கிறாள். அவள் ஒவ்வொரு முறை தட்டும்போதும் இன்னும் ஒரு தராசு மற்றவற்றோடு சேர்ந்து ஆடுகிறது. சீட்டுப் புத்தகத்தைத் தேடுகிறேன்; பை நிறையத் தண்ணீர்.

விழித்தபோது திரை வெளுத்திருந்தது. வசந்தாமணியைத் தாவணியில் நான் பார்த்ததில்லை. பெண் பார்க்கப் போனபோது பட்டுப்புடவைதான்.

செப்டம்பர் 28, சனி.

பிரித்தேன்.

உள்ளே பச்சைப் பலகை; அதன்மேல் கறுப்பு ஐ.சி. சில்லுகள், மேலிருந்து பார்க்கும் ஊர்போல. மேல்மூடியின் காற்றுத் துளைகளுக்கு நேர் கீழே, பெரிய ஐ.சி. ஒன்றின்மீது, மஞ்சள் நிறப் படிவு. அடுக்கடுக்காகக் காய்ந்து வெடித்த வண்டல் போன்றது. அது வழிந்து இறங்கிய பக்கத்தில் ஐ.சி.யின் கால்கள் பச்சை பூத்திருக்கின்றன. ஓரிடத்தில் சிவப்புத் துகளும் தென்படுகிறது.

முதலில் குளவிக் கூடு என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டி முகர்ந்தேன்.

மணம்: சந்தனம்.

அறை முழுவதும் அந்த மணம் பரவியது. ஒவ்வொரு சரஸ்வதி பூஜையின் மாலையும் ஒரே நேரத்தில் அந்தப் பெட்டியிலிருந்து வெளியே வந்ததுபோல இருந்தது. கதவைச் சாத்தி வைத்தேன், மணம் போய்விடக் கூடாதென்று.

காரணம் ஆராயப்பட வேண்டும்.

செப்டம்பர் 29, ஞாயிறு.

ஆராய்ந்தேன். அழைத்தேன்.

"மஞ்சள் நிறப் படிவு காணப்படுகிறது," என்றேன்.

"எந்த எடத்துலீங்க?"

"மேல்மூடியின் துளைகளுக்கு நேர் கீழே. இடம் வலம் சரிபாதியில்."

"என்ன வாசம் அடிக்குது?"

சொன்னேன்.

மறுமுனையில் ஒரு சத்தம் கேட்டது. முதலில் இருமல் என்று நினைத்தேன். சிரிப்பு. வசந்தாமணி சிரித்துக்கொண்டிருந்தாள். அங்கே சிகாமணி "என்னக்கா, என்னக்கா" என்று கேட்பதும் அவளால் பதில் சொல்ல முடியாததும் கேட்டது.

"ஏனுங்க," என்றாள் கடைசியில், மூச்சு வாங்க. "வருசா வருசம் ஆயுத பூசைக்கு ஸ்கேல் வெச்சு அளந்து, நடு மத்தியில, ஒரே எடத்துல பொட்டு வெப்பீங்களே. பன்னீர ஊத்திக் கரைச்சு, சொட்டச் சொட்ட. நான் சொல்லலீங்களா, ஓட்டை மேல வெக்காதீங்க, ஓரமா வெய்யுங்கன்னு? ஓரமா வெச்சா லட்சணமா இருக்காதுன்னீங்க."

அப்படி ஓர் உரையாடல் நிகழ்ந்திருக்க வாய்ப்புள்ளது.

"ஆபீஸ்ல இருக்கற எடைக்கல்லுக்கு மட்டும் யாரையும் சந்தனம் வெக்க உட மாட்டீங்க. ஒரு மில்லி கூடிப்போகும், பெட்டி மேல வெய்யுங்கடான்னு எட்டூருக்குக் கேக்கறாப்புல கத்துவீங்க. அதுக்குத் தெரிஞ்சுது. இதுக்குத் தெரியலியா?"

மறுபடியும் சிரித்தாள். ஆனால் இம்முறை சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

தொழில்நுட்ப நோக்கில் இதைப் பதிவு செய்கிறேன். சந்தனப் பொட்டின் நடுவில் வைக்கும் குங்குமத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் உண்டு. ஆண்டுதோறும் ஈரத்துடன் துளை வழியே இறங்கிய படிவு, உலோகக் கால்களை அரித்துள்ளது. மழை நாளில் அது ஈரத்தை உறிஞ்சி, இணையக் கூடாத கால்களை இணைக்கிறது, காய்ந்தால் விட்டுவிடுகிறது. மரியாதை செலுத்தும் நோக்கத்தில் செய்யப்பட்ட செயல் கருவிக்குக் கேடு விளைவித்துள்ளது. செயலைச் செய்தவரின் நோக்கம் ஐயத்திற்கு அப்பாற்பட்டது.

கேசட்டில் இருப்பது என்ன என்று கேட்டேன். இத்தனை ஆண்டுகளில் கேட்டதில்லை என்பது கேட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"மின்மினி," என்றாள். "பிளஸ் ஒன் படிக்கறப்ப எழுதுனது. சித்திரை கடைசியில மொத மழை பெஞ்சா, இங்க ஆத்தோரத்து மரத்துல மின்மினி வந்து அடையுமுங்க. மொதல்ல ஒவ்வொன்னும் அதது இஷ்டத்துக்கு மினுக்கும். பக்கத்துல மினுக்கறதப் பாத்துப் பாத்து, செத்த நேரத்துல மரமே ஒன்னா எரிஞ்சு ஒன்னா அணையும். அதத்தான் எழுதுனன்."

"அவற்றில் எது முதலில் ஆணையிடுகிறது?"

"எதுவுமே இல்லீங்க. அதான் சங்கதி."

"இதை ஏன் எனக்குக் காட்டவில்லை?"

"கலியாணமான புதுசுல போட்டுக் காட்டறன்னு சொன்னன். கரண்டு சரியில்ல, ஸ்டெபிலைசர் வாங்கோணும்னீங்க. வாங்கவும் வாங்குனீங்க. அதுக்கும் ஒரு உறை தெச்சுப் போட்டீங்க."

ஸ்டெபிலைசர் அலமாரியின் கீழ்த்தட்டில் உள்ளது. உறை நல்ல நிலையில் இருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்.

அலுவலகம் செல்லும் முன் சிவப்புச் சீட்டை நீக்கினேன். ஈரத் துணியால் நனைத்து, கிழியாமல் உரித்தேன். கணினி இன்னும் தேறவில்லை. எனவே இது நடைமுறைக்கு மாறானது.

பசையின் தடம் போகவில்லை. சாய்த்துப் பார்த்தால் ஒரு சதுரம் மங்கலாகத் தெரிகிறது.

அக்டோபர் 2, புதன். விடுமுறை.

வசந்தாமணி அழைப்பைத் துண்டிக்காமல் தம்பி வீட்டில் எங்கோ வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே வழிகாட்டினாள். பாக்கு உரிக்கும் சத்தத்துக்கு இடையே அவள் குரல் வந்தது.

"ஐ.சி.யை ஒரே பக்கமாத் தூக்காதீங்க, கால் வளைஞ்சிரும். ரெண்டு பக்கமும் மாத்தி மாத்தி, கொஞ்சங் கொஞ்சமா."

"ஸ்க்ரூ டிரைவரின் கோணம்—"

"கோணமெல்லாம் அளக்காதீங்க. பல்லு ஆடற கொழந்தைக்குப் பல்லப் புடுங்கற மாதிரி நெனச்சுக்குங்க."

கழன்று வந்தது. ஸ்பிரிட் தோய்த்த பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு காலாகத் துலக்கினேன். பச்சை கரைந்து, உலோகம் வெள்ளியாகத் தெரிந்தது. சந்தனம் கடைசிவரை மணத்தது. ஐ.சி. அமரும் பள்ளத்தையும் துலக்கினேன். அவள் எதுவும் சொல்லாத நேரங்களில் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. அது கல்லாறா, குழாயா என்று கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் ஒரே வேலையில் இப்படி நீண்ட நேரம் ஈடுபட்டது இதற்கு முன் எப்போது என்று யோசித்தேன். யோசனை முடியவில்லை.

"மாமா," என்று இடையில் சிகாமணியின் குரல். "அக்கா பேச்சுல பாதி பாக்கு எண்ணிக்கை தப்பிப் போச்சு. நட்டத்த யாரு தர்றது?"

"போடா," என்றாள் அவள்.

அக்டோபர் 3, வியாழன்.

வெயில். இயங்குகிறது. இதற்கு மதிப்பில்லை. மழை வர வேண்டும்.

அக்டோபர் 4, வெள்ளி.

வெயில்.

அக்டோபர் 6, ஞாயிறு.

விடியற்காலை இடி. எழுந்ததும் மலையைப் பார்த்தேன்: இல்லை. நல்ல மழை. ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். காற்றில் ஈரம் கையால் பிழியலாம்போல் இருந்தது. மூடியையும் உறையையும் தவிர்த்துக் கணினியை அப்படியே மேசைமேல் வைத்து இயக்கினேன்.

வெள்ளைச் சதுரம் வந்தது. அணைந்தது, எரிந்தது. மழை வலுத்தது. சதுரம் அசையாமல் நின்ற இடத்திலேயே அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது. நானும் அதே கதியில் கண் சிமிட்டிக்கொண்டிருப்பதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன்.

அழைத்தேன். தேறிவிட்டது என்று சொல்லவில்லை. "இங்கே மழை," என்றேன்.

"ஓடுதுங்களா?"

"ஓடுகிறது."

"ம்."

பிறகு அவளாகவே சொன்னாள். "விசயதசமி அன்னிக்கு நான் காரமடைல பால் காய்ச்சறனுங்க. வேலைக்கு ஒத்துக்கிட்டன். சிகாமணி சொல்லியிருப்பான்."

"தெரியாது," என்றேன். இது உண்மையன்று. பதிவு செய்யப்படுகிறது.

"வாங்கன்னு நான் சொல்லலீங்க. வராதீங்கன்னும் சொல்லல."

இரண்டு எதிர்மறைக் கூற்றுகளிலிருந்து ஒரு நடவடிக்கையை வகுக்க இயலாது. நாள் முழுவதும் முயன்றேன்.

கணினி தேறினால் வருவாள் என்ற அனுமானம் யாரால், எந்த அடிப்படையில் செய்யப்பட்டது என்பதற்கும் பதிவு இல்லை.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூஜை.

அலுவலகத்தில் பூஜை. சந்தனக் கிண்ணத்தோடு எடைக்கற்களை நெருங்கிய இளநிலை உதவியாளரைப் பார்த்தேன். "சார், பெட்டி மேலதான சார், தெரியும் சார்," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்க முயன்றேன்.

வீட்டில் வழக்கப்படி சந்தனம் கரைத்துவிட்டேன், பன்னீர் ஊற்றி. கணினியின் எதிரே அமர்ந்தபோதுதான் வைக்க இடமில்லை என்று தெரிந்தது. பூ மட்டும் பக்கத்தில் வைத்தேன். சந்தனம் கிண்ணத்திலேயே காய்ந்தது.

அக்டோபர் 12, சனி. விஜயதசமி. காரமடை.

கணினியை உறையிட்டு, பெரிய துண்டில் சுற்றி, மடியில் வைத்துப் பேருந்தில் வந்தேன். துடியலூர் தாண்டியதும் மழை. பக்கத்து இருக்கைப் பெரியவர் "என்ன சாமி சிலையா?" என்றார். இல்லை என்றேன். "பின்ன ஏன் இப்புடிப் புடிச்சிருக்கறீங்க?" என்றார். துண்டை இன்னும் இறுக்கிச் சுற்றினேன்.

ஓட்டு வீடு ஒன்றின் பின்பகுதி. ஓர் அறை, ஒரு சமையலறை. வசந்தாமணி வாசலில் என்னைப் பார்த்தாள். மடியிலிருந்து கைக்கு மாறியிருந்த மூட்டையையும் பார்த்தாள். வாங்க என்று சொல்லவில்லை. விலகி வழி விட்டாள்.

சிகாமணி முன்னமே டெம்போவில் பழைய டியூப் டி.வி. ஒன்றையும் டேப் ரெக்கார்டரையும் கொண்டுவந்து வைத்திருந்தான். "யாராச்சும் கொண்டாருவாங்கன்னு ஒரு கணக்குப் போட்டன் மாமா," என்றான்.

கணினியைத் தரையில் வைத்து உறையைக் கழற்றினேன். அவள் குனிந்து மேல்மூடியைத் தடவினாள். பசைத் தடம் இருந்த சதுரத்தில் விரல் நின்றது. நானும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"போகமாட்டேங்குது," என்றேன்.

இந்த வாக்கியம் என் வாயிலிருந்து வந்த விதம் எனக்கே புதிதாக இருந்தது. சிகாமணி திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, எதுவும் சொல்லவில்லை.

"இருக்கட்டுமுங்க," என்றாள்.

அப்போதுதான் பால் பொங்கியது. பொங்கி அடுப்பில் வழிந்தது. "அக்கா, எறக்கு, எறக்கு!" என்று சிகாமணி கத்தினான். புது வீட்டில் பிடிதுணி இல்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். தரையில் கிடந்த உறையை எடுத்து, இரண்டாக மடித்து, பாத்திரத்தை இறக்கினாள்.

மூன்று பக்கமும் அளவெடுத்து, ஓரத்தில் நாடா வைத்துத் தைத்த உறை. பால் தோய்ந்து, ஒரு மூலை கருகியிருந்தது. அதை அவள் அடுப்பு மேடைக்கு மேலிருந்த ஆணியில் மாட்டினாள். அங்கே அது பொருத்தமாகவே இருந்தது.

கேசட் முதல் முறை ஏறவில்லை. இரண்டாம் முறை, கீச்சென்ற நீண்ட ஒலி. ஓட்டின்மேல் மழை ஒலியோடு அது கலந்து, எது எதுவென்று பிரிக்க முடியவில்லை. அவள் ஜன்னலைச் சாத்தி அறையை இருட்டாக்கினாள். திரை கறுத்தது. ஒரு புள்ளி மினுக்கியது. எங்கோ தள்ளி இன்னொன்று. பிறகு பல. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல், அவரவர் வீட்டில் அவரவர் விளக்குபோல.

நான் நின்றுகொண்டிருந்தேன்.

"உக்காருங்க," என்றாள். தரையில் அமர்ந்தேன். சிகாமணி பாலைக் கொண்டுவந்து வைத்துவிட்டு வெளியே போனான். பக்கத்துப் புள்ளியைப் பார்த்து ஒரு புள்ளி சற்றே தயங்கியது. அடுத்த முறை சேர்ந்துகொண்டது. மெல்ல மெல்ல, திரையின் ஒரு மூலை முழுவதும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையத் தொடங்கியது. அந்த வெளிச்சத்தில் அவள் முகம் தோன்றி மறைந்து தோன்றியது. பதினாறு வயதில் இதை எழுதியவளைப் பார்த்துவிடலாம் என்பதுபோல நான் அந்த ஒவ்வொரு வெளிச்சத்துக்கும் காத்திருந்தேன்.

எவ்வளவு நேரம் நிற்காமல் ஓடியது என்பதைக் குறிக்கவில்லை.

கிளம்பும்போது கேட்டேன், வீட்டுக்கு எப்போது வருகிறாய் என்று.

"திங்கக்கெழம பள்ளிக்கூடத்துல சேரறனுங்க," என்றாள். "மெசின் இங்கியே இருக்கட்டும்."

"ஒருமுறை ஓடியதால் தேறியதாகக் கொள்ள முடியாது. மழைக்காலம் முழுவதும் கண்காணிப்பு தேவைப்படும்."

"ஆமாங்க. தேவைப்படும்." அவள் சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்பதற்கு முந்தைய முகம் எனக்குத் தெரியும். "ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாருங்க. சீட்டுப் புஸ்தகத்த மட்டும் வூட்லயே வெச்சுட்டு வாங்க."

அக்டோபர் 13, ஞாயிறு. வடவள்ளி.

மலை தெளிவாகத் தெரிகிறது. மிக்ஸி, டி.வி., ஸ்டெபிலைசர் ஆகியவற்றின் உறைகளைக் கழற்றித் துவைத்தேன். காய்ந்தன. திரும்பப் போடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு. காரமடை.

காலை முதல் மழை. கணினி எடுத்தவுடன் விழித்தது. மின்மினிகள் ஏறின. வசந்தாமணி பிள்ளைகளின் கணக்குத் தாள்களைத் திருத்திக்கொண்டே பார்த்தாள். நான் பாத்திரம் துலக்கிவிட்டு வந்து அமர்ந்தேன். திரை முழுவதும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைந்தது. வலது ஓரத்தில் ஒரு புள்ளி மட்டும் எதனோடும் சேராமல், தனக்கென ஒரு கணக்கு வைத்து மினுக்கிக்கொண்டிருந்தது.

நிரலில் பிழை இருக்கிறதா என்று கேட்டேன்.

அவள் பேனாவை வைத்துவிட்டு அதைப் பார்த்தாள்.

"பிழையில்லீங்க. ஒன்னு ரெண்டு இப்புடித்தான், நேரமெடுக்கும்," என்றாள். "பொறுங்க."

பொறுத்திருக்கிறோம்.